வாயாடிக்கு மிக்க மகிழ்ச்சி

அந்தச் சிறப்புப் பள்ளியில் வாயாடி என்று பெயர் வாங்கியவள், பிறந்ததிலிருந்து வாயால் ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண். பதினொரு வயது. மூளை முடக்குவாதம் அவள் கைகால்களைச் சொன்னபடி கேட்க விடவில்லை, நாக்கையும் விடவில்லை. ஆனால் காது கூர்மை, கண் அதைவிடக் கூர்மை. சக்கர நாற்காலியின் முன்னால் ஒரு தாங்கியில் டேப்லெட்டை மாட்டிவிட்டால் போதும். வலது கையைச் சுருட்டி, கட்டைவிரல் முட்டியால் திரையிலுள்ள படங்களைத் தொடுவாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல். தொட்டதும் டேப்லெட் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லும். ‘பசி.’ ‘இன்னும்.’ ‘ஏன்.’ ‘வேண்டாம்.’ இரண்டு மூன்று படங்களைச் சேர்த்துத் தொட்டு, ‘நீ போ, வேற ஆள் வா’ என்று ஆளை மாற்றுகிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

அவளுக்கு அதைப் பழக்கியவர் பள்ளியின் பேச்சுப் பயிற்சியாளர். டேப்லெட்டோடு வந்த குரல், தமிழை இரும்புக் கடையில் கற்றுக்கொண்டது போல இருந்ததால், எல்லாச் சொற்களையும் தன் குரலிலேயே பதிவு செய்து ஏற்றியிருந்தார். அதனால் வந்த சங்கடங்களும் உண்டு. கால் நீட்டல் பயிற்சியில் பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம் அழுத்திவிட்டால், ‘விடு. முட்டாள்’ என்று அறைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் பயிற்சியாளரின் குரலே உள்ளிருந்து கேட்கும்.

“முட்டாள்ங்கற வார்த்தையை எதுக்கு மேடம் அதுல போட்டீங்க?” என்று பிசியோ ஒருநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார்.

“எல்லாப் பிள்ளைங்களும் சொல்ற வார்த்தை. அவ மட்டும் என்ன பாவம் பண்ணா?”

“நேத்து என்னைப் பாத்து நாலு தடவை சொன்னா.”

“உச்சரிப்பு சரியா இருந்துதா?”

பிசியோ அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் இந்த வாயாடித்தனமெல்லாம் பள்ளி விடும் மணி அடிக்கிற வரைதான். மணி அடித்ததும் கணினி அதிகாரி வருவார். இடுப்பில் சாவிக்கொத்து. டேப்லெட்டைத் தாங்கியிலிருந்து கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். நிறுவனத்தின் சொத்து, வாசலைத் தாண்டக் கூடாது. வாயாடி அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஊமை. சனி ஞாயிறு முழுக்க ஊமை. கோடை விடுமுறை வந்தால் கோடை முழுக்க.

இப்படி இருக்கும்போதுதான் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறப்புக் கல்வியில் உதவித் தொழில்நுட்பத்துக்கு ஒரு கொள்கை வகுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் வல்லுநர்களின் கருத்தைக் கேட்கிறார்கள். கூட்டம் இந்தப் பள்ளியிலேயே நடக்கும். பயிற்சியாளருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருட வேலையில் அவரிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. கழிப்பறைக்குச் சுவரை இடித்தபோதுகூட, எந்த அறையின் சுவர் என்பதை இடித்த பிறகுதான் சொன்னார்கள். அது அவருடைய அறை.

மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவர், சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

“நாங்க டேப்லெட் குடுத்தா ஜனங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வேளாவேளைக்குப் போட்டுக்கறாங்க. உங்க டேப்லெட்டை மட்டும் ஏன் கடையிலயே நின்னு முழுங்கிட்டுப் போகச் சொல்றீங்க?”

“இதையே கூட்டத்துல சொல்லட்டுமாங்க?”

“சொல்லு. ஆனா புருஷன் சொன்னார்னு சொல்லாத. நான் வல்லுநர் இல்ல.”

*

கூட்ட அறையில் நீள மேசை, அதன் மேல் தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் தட்டு, ரிமோட் தொலைந்துபோனதால் நிறுத்த முடியாமல் உறைய வைத்துக்கொண்டிருந்த ஏசி. துறையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் தன் லேப்டாப்பைத் திரையோடு இணைக்கப் பார்த்தார். இணையவில்லை. கணினி அதிகாரி மேசைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சொருகினார். உதவித் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும், தொழில்நுட்ப உதவிக்காகப் பிஸ்கட் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் ஆலோசகர் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காட்டிக் கொள்கையை விளக்கினார். எழுத்து யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் உளவியலாளர். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்.

“டேப்லெட் குடுக்கறதுக்கு முன்னாடி, பிள்ளைக்கு அது உண்மையிலேயே தேவைதானான்னு ஒரு தகுதித் தேர்வு வைக்கணும்.”

“எப்படி வைப்பீங்க?” என்றார் பயிற்சியாளர்.

“கேள்வி கேப்போம். பிள்ளை பதில் சொல்லணும்.”

“டேப்லெட்ல சொல்லலாமா?”

உளவியலாளர் கண்ணை மூடித் திறந்தார். “அதெப்படி? அது வெளி உதவி ஆயிடும். வாயால சொல்லணும்.”

“வாயால சொல்ல முடிஞ்சா அப்புறம் டேப்லெட் எதுக்கு சார்?”

“அதான் நானும் சொல்றேன். பெரும்பாலும் தேவையில்லைன்னுதான் முடிவு வரும்.”

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். “ரொம்ப ஆழமான பாயின்ட்.”

அடுத்து பிசியோ. டேப்லெட்டைக் குனிந்து பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் கழுத்து தொங்கிவிடும் என்பது அவர் கவலை. கூடவே இன்னொன்று. “படத்தைத் தொட்டே காரியம் ஆயிடுச்சுன்னா பேசணும்ங்கற ஆசையே போயிடும். அப்புறம் சொந்தப் பேச்சு வராது.”

“பதினோரு வருஷமா வராத பேச்சு, இப்போதான் தெருமுனை வரைக்கும் வந்து, டேப்லெட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுமா?” என்றார் பயிற்சியாளர்.

தலைமையாசிரியை குறுக்கிட்டார். எல்லோரும் சொல்வது சரி என்று சொல்லியே அந்தப் பதவிக்கு வந்தவர் அவர். “ரெண்டு பேர் சொல்றதும் நல்ல கருத்து. ரெண்டையும் எழுதிக்கலாம்.”

வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றிப் பயிற்சியாளர் பேச்செடுத்ததும் கணினி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்டுக்குப் போனா திரை உடையும். அண்ணன் தம்பி சினிமா பாப்பான். காபி கொட்டும். அதுவும் இல்லாம, ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு அப்படி என்னதான் பேசப்போவுது?”

“நீங்க ஆபீஸ் விட்டதுக்கு அப்புறம் என்ன பேசுவீங்களோ அதைத்தான்.”

“நான் வீட்ல பேசறதே இல்ல மேடம்,” என்றார் அவர் மெய்யாகவே.

ஆலோசகர் எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். கொள்கைப் புத்தகத்தில் ‘பயனாளரின் குரல்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. இப்போதைக்குக் காலியாக இருக்கிறது. கொள்கையை அறிவிக்கும் விழாவுக்குத் துறைச் செயலாளரே வருகிறார். மேடையில் இந்தப் பள்ளியின் பிள்ளை ஒன்று டேப்லெட்டில் பேசினால், படமும் ஆச்சு, பக்கமும் ஆச்சு.

“நம்ம வாயாடி இருக்காளே,” என்றார் தலைமையாசிரியை.

கூட்டம் முடிந்து ஆலோசகர் டேப்லெட்டைப் பார்க்க வந்தார். திரையில் முதல் வரிசையிலேயே, கைக்கு எட்டும் மூலையில், சிவப்புப் பின்னணியில் ‘வேண்டாம்’. அவர் முகம் சுருங்கியது.

“எடுத்த எடுப்புலயே வேண்டாமா? ரொம்ப நெகட்டிவ்வா இருக்கே மேடம். செயலாளர் வர்ற நேரத்துல… இதை எடுத்துடுங்க. இந்த ‘ஏன்’ எதுக்கு? அவர் ஒண்ணு சொல்லி இவ ஏன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? ‘முட்டாள்’ வேறயா!”

பின்னால் நின்ற பிசியோ, “அதை முதல்ல எடுக்கச் சொல்லுங்க சார்,” என்றார்.

பயிற்சியாளர் தயங்கினார். “சார், அவ எழுத்தைப் பாத்துத் தொடறதில்ல. இடத்தைப் பாத்துத்தான் தொடுவா. எது எங்க இருக்குன்னு கை பழகியிருக்கு. இடம் மாத்தினா…”

“ஒரே ஒரு நாள்தானே? விழா நல்லபடியா நடந்தா, வீட்டுக்குக் குடுத்தனுப்பற விஷயத்தை நானே செயலாளர் காதுல போடறேன். என் பொறுப்பு.”

அந்த இடத்தில்தான் பயிற்சியாளர் விழுந்தார். ஒரு நாள் ‘வேண்டாம்’ போனால் போகட்டும், வருஷம் முழுக்க டேப்லெட் வீட்டுக்கு வருமே என்று மனசுக்குள் பேரம் முடித்துக்கொண்டார். பிள்ளைகள் பிடித்து நடக்கும் நடைச்சட்டங்களும் பழைய சக்கர நாற்காலிகளும் அடைந்து கிடந்த சாமான் அறையில், அங்கேதான் சத்தம் கம்மி என்று போய் நின்று, புதிய வாக்கியங்களைத் தன் குரலில் பதிவு செய்தார். ‘உங்கள் வருகைக்கு நன்றி.’ ‘எல்லாரும் நல்லவர்கள்.’ சிவப்பு மூலையில் இருந்ததை எடுத்துவிட்டு, அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கும் முகம். ‘எனக்கு மிக்க மகிழ்ச்சி.’

*

வாயாடியின் அம்மா துணிக்கடைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பவர். மாலையில் மகளை அழைத்துப்போக வந்தபோது கழுத்தில் அளவெடுக்கும் இஞ்ச் டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. விழாவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு முதலில் பெருமைதான்.

“என்ன பேசுவா டீச்சர்?”

பயிற்சியாளர் சொன்னார். எதையெல்லாம் எடுத்துவிட்டோம் என்பதையும் சொன்னார். மறைக்க வாய் வரவில்லை.

அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்கு மேலே பல் பதிந்த தடம், ஒன்றல்ல. சிலது ஆறிக் கறுத்திருந்தது, ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது.

“இது அந்த வேண்டாம்தான் டீச்சர். இங்க நீங்க பொத்தான் வெச்சிருக்கீங்க, வீட்ல அவகிட்ட பல்லுதான் இருக்கு. சோறு வேண்டாம்னா ஒரு கடி, தலை வாராதேன்னா ஒரு கடி. அவங்கப்பா தோள்பட்டையில வாங்கினாரு. நாங்க பழகிட்டோம். அந்த வார்த்தையை இங்கயும் எடுத்துட்டீங்கன்னா பிள்ளை எங்க போய்ச் சொல்லுவா?”

“ஒரு நாள்தாம்மா. அதுக்கப்புறம் டேப்லெட் வீட்டுக்கே வரும். சொல்லியிருக்காங்க.”

“யாரு சொன்னது?”

“ஆலோசகர்.”

“அவருக்குப் பிள்ளை இருக்கா?”

 அம்மா சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார். கணினி அதிகாரி அதற்குள் டேப்லெட்டைக் கழற்றியிருந்ததால், வாயாடி இதைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதை யாரும் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

*

விழாவன்று மேடை நிறைய நாற்காலி, நாற்காலி நிறைய ஆட்கள். பின்னால் பெரிய பேனர். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குரல்’ என்று எழுதியிருந்தது. வரவேற்பு, விளக்கம், வாழ்த்து, வாழ்த்துக்கு வாழ்த்து என்று ஆளாளுக்குப் பேசித் தீர்த்தார்கள். ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார்கள். சக்கர நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்பிக் கைதட்ட வைப்பதற்கென்றே இரண்டு ஆயாக்கள் நின்றார்கள்.

வாயாடியை மேடைக்கு ஏற்றினார்கள். புதுச் சட்டை, இறுக்கிய இரட்டைச் சடை. மேடை விளக்கின் சூடு. அவள் உடம்பு வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் விறைத்துக்கொள்ளும். கழுத்து ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பயிற்சியாளர் மேடையின் ஓரத்தில் நின்று கைகாட்டினார். வாயாடி விரல் முட்டியால் தொட்டாள். ‘உங்கள் வருகைக்கு நன்றி.’ ஒலிபெருக்கியில் அரங்கமே அதிர்ந்தது. கைதட்டல். ஆலோசகர் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

செயலாளர் பெரிய உருவம். பிள்ளைகள் என்றால் உயிர், அதிலும் கேமரா பக்கத்தில் இருந்தால். எழுந்து வந்து குனிந்து வாயாடியின் முகவாயைப் பிடித்து, கேமராவுக்குத் தெரியும்படி நேராகத் திருப்பினார். இழுத்துக்கொண்டிருக்கும் கழுத்தைத் திருப்பினால் அவளுக்கு வலியில் உயிர் போகும்.

வாயாடியின் முட்டி நேராகத் தன் மூலைக்குப் போனது. எத்தனையோ மாதம் பழகிய மூலை. தொட்டாள்.

‘எனக்கு மிக்க மகிழ்ச்சி.’

கைதட்டல். செயலாளர் சிரித்தார். இன்னொரு பக்கத்திலிருந்து போட்டோ எடுப்பதற்காக முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

வாயாடி திரையை ஒரு கணம் பார்த்தாள். திரும்பவும் அதே மூலையைத் தொட்டாள், இந்தமுறை அழுத்தி.

‘எனக்கு மிக்க மகிழ்ச்சி.’

“பாருங்க, எவ்வளவு சந்தோஷம் பிள்ளைக்கு!” என்றார் செயலாளர் மைக்கில். அரங்கம் உருகியது. முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது, உட்காருங்கம்மா என்றார்கள்.

‘எனக்கு மிக்க மகிழ்ச்சி. எனக்கு மிக்க. எனக்கு மிக்க. எனக்கு மிக்க மகிழ்ச்சி.’

முட்டி திரையைக் குத்திக்கொண்டே இருந்தது. அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஒலிபெருக்கியில் தன் குரல் திரும்பத் திரும்ப மகிழ்ச்சி மகிழ்ச்சி என்று அலறுவதைப் பயிற்சியாளர் கேட்டார். அவளிடம் ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் செயலாளர் செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளினார். கட்டைவிரல் வாயோரம் வந்தது.

வாயாடி கவ்விக்கொண்டாள்.

அவள் தாடை ஒரு தரம் பிடித்தால் அவள் நினைத்தாலும் சட்டென்று விடாது. செயலாளர் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஆயாக்களின் உதவியில்லாமலே எழுந்துவிட்டார்கள். பிசியோ ஓடிவந்து தாடை எலும்பின் கீழே இரண்டு விரல்களை வைத்து அழுத்தி விடுவித்தார். அன்றைக்கு மேடையில் நடந்த ஒரே வல்லுநர் வேலை அதுதான்.

“ஏன், ஏன் கடிச்சா?” செயலாளர் கையை உதறிக்கொண்டு கேட்டார்.

“சந்தோஷத்துல சார்,” என்றார் ஆலோசகர். “அளவுக்கு மீறின சந்தோஷம் வந்தா சில பிள்ளைங்க இப்படி…” என்று உளவியலாளரைப் பார்த்தார். உளவியலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சந்தோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றார் பயிற்சியாளர். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அரங்கம் முழுவதும் கேட்டது. “வேண்டாம்னு சொன்னா சார். தொட்டுத் தொட்டுச் சொன்னா. அங்க இருந்த வேண்டாம்ங்கற வார்த்தையை எடுத்துட்டு மகிழ்ச்சியை வெச்சது நான்தான். எடுக்கச் சொன்னது இவரு. விழாவுக்கு நல்லா இருக்காதுன்னு.”

 கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்கள். அம்மா மேடைக்கு வந்து, செயலாளரைத் தாண்டிப் போய், முந்தானையால் மகளின் வாயைத் துடைத்துவிட்டார்.

செயலாளர் தன் கட்டைவிரலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

“ஊசி போடணுமா?” என்றார்.

*

மறுபடியும் வல்லுநர்கள் கூடினார்கள். இந்தமுறை கருத்துகள் சுருக்கமாகவும் ஒற்றுமையாகவும் இருந்தன. பதிவு செய்த குரல் பயிற்சியாளருடையது என்பதால், அதில் வந்த கருத்துகளுக்கும் அவரே பொறுப்பு என்று தலைமையாசிரியை எழுத்துமூலம் எச்சரித்தார். தனியாகக் கூப்பிட்டு, “நீங்க செஞ்சதும் சரிதான்,” என்றும் சொன்னார்.

கொள்கைப் புத்தகம் பளபளவென்று அச்சாகி வந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி ஒரு வரியும் இல்லை. ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பயிற்சி பெற்ற வல்லுநர் ஒருவர் அருகில் இருக்கும்போது பயன்படுத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. டேப்லெட் பெறுவதற்குத் தகுதித் தேர்வோடு நடத்தைத் தேர்வும் சேர்ந்திருந்தது. ‘பயனாளரின் குரல்’ பக்கத்தில் வாயாடியின் படம். கடிப்பதற்கு ஒரு நொடிக்கு முன்னால் எடுத்தது. வாயைப் பெரிதாகத் திறந்திருந்தாள், பார்த்தால் சிரிப்பது போலவே இருந்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘எனக்கு மிக்க மகிழ்ச்சி.’

பயிற்சியாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தார். விட்டால் அடுத்து வருபவர் டேப்லெட்டின் குரலை மறுபடி இரும்புக் கடைக்கே அனுப்பிவிடுவார். முதல் காரியமாக ‘வேண்டாம்’, ‘ஏன்’, ‘முட்டாள்’ மூன்றையும் பழைய இடத்தில் பழைய நிறத்தில் வைத்தார். கூடவே ‘தொடாதே’ என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்.

அப்போதுதான் கணினி அதிகாரி கதவைத் தட்டினார். கையில் கொள்கைப் புத்தகம். விரலை ஒரு பக்கத்தில் சொருகி வைத்திருந்தார்.

“இதைப் படிச்சீங்களா மேடம்? இனிமே அலமாரிச் சாவி சைக்காலஜிஸ்ட்கிட்ட இருக்கணுமாம். தேர்வு வைக்கறவர் கையிலதான் சாவியாம்.” புத்தகத்தைப் பட்டென்று மூடினார். “பன்னண்டு வருஷமா ஒரு டேப்லெட் தொலைஞ்சிருக்கா? ஒண்ணாவது கீறல் விழுந்திருக்கா?”

“இல்லையே.”

“எனக்கு விதி தெரியும். அவருக்கு என்ன தெரியும்?” அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பழுதான பொருள் மட்டும் வெளிய போகலாம். பழுது பாக்க. யார்கிட்ட போகணும்னு விதியில இல்ல. எப்போ திரும்பி வரணும்னும் இல்ல. நான் பல தடவை எழுதிக் கேட்டிருக்கேன், பதில் வரல.”

பயிற்சியாளர் அவரையே பார்த்தார்.

“வாயாடி டேப்லெட்ல பழுது இருக்கு மேடம்,” என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “நான் பாத்தேன். சீரியஸான பழுது. சாவியை ஒப்படைக்கறதுக்குள்ள அனுப்பிடணும்.”

அவருக்கு வந்தது இரக்கமா, சாவி போன ஆத்திரமா என்று பயிற்சியாளர் கேட்டுக்கொள்ளவில்லை. எதுவாக இருந்தாலும் வண்டி ஓடினால் சரி. அன்று மாலை கணினி அதிகாரி வழக்கம்போல் வந்தார், டேப்லெட்டைக் கழற்றினார், ஈரத்துணியால் துடைத்தார், பிறகு திரும்பவும் தாங்கியில் மாட்டிவிட்டு, “கொண்டுபோம்மா. காபி மட்டும் கொட்டாத,” என்றார். வாயாடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ‘ஏன்’ என்றாள். அவர் அலமாரியைப் பூட்டப் போய்விட்டார்.

சாவி கைமாறினாலும் பழுது என்று எழுதுவது இன்னும் கணினி அதிகாரிதான் என்பதால், இந்தப் பழுது வேகமாகப் பரவியது. அம்மாக்கள் வாசலில் பேசிக்கொள்வதை எந்தக் கொள்கையும் தடுக்க முடியாது. மழைக்காலம் முடிவதற்குள் அலமாரியில் பாதி இடம் காலி. உளவியலாளர் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு தினமும் வந்து அந்தப் பாதி அலமாரியைத் திறந்து பார்த்துப் பூட்டினார். ஒரே பள்ளியில் இத்தனை டேப்லெட்டுகள் பழுதாவது எப்படி என்று துறைக்குச் சந்தேகம் வந்தது. ஆலோசகர் ஈரப்பதம்தான் காரணம் என்று ஒரு கட்டுரை வாசித்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை, பயிற்சியாளர் புதுச் சொற்கள் ஏற்றுவதற்காக வாயாடியின் வீட்டுக்குப் போனார். ஒரே அறைதான் கூடம், தையல் கூடம், படுக்கையறை எல்லாம். அம்மா ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து பேன்ட் கால்களை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். டெலிவரி வேன் ஓட்டும் அப்பா, அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கிரிக்கெட் வைத்தார்.

‘வேண்டாம்,’ என்றாள் வாயாடி. ‘பாட்டு.’

“இரு கண்ணு, ஒரே ஓவர்.”

‘பாட்டு. பாட்டு. நீ போ.’

“எங்கடி போறது? வண்டி ஓட்டிட்டு இப்போதானே வந்தேன்.”

‘வெளியே போ. அம்மா இரு. பாட்டு.’

“அம்மா மட்டும் இருக்கணுமாம்! ஏய், நானும்தான் உனக்குச் சட்டை வாங்கிக் குடுத்தேன்.”

‘சட்டை வேண்டாம்.’

“அதை இப்போ சொல்றா பாரு!”

‘முட்டாள்.’

அப்பாவுக்குச் சுருக்கென்றது. பந்து வீச்சாளர் ஓடிவந்துகொண்டிருந்தார். “வாயை மூடுடி கொஞ்ச நேரம்!” என்று ஒரு அதட்டல் போட்டார்.

மெஷின் நின்றது. அம்மா திரும்பிப் பார்த்தார். பயிற்சியாளர் பையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினொரு வருடத்தில் இந்த ஒரு வார்த்தையால் தன் மகளைத் திட்டும் பாக்கியம் அவருக்கு வாய்த்ததே இல்லை. டிவியில் யாரோ அவுட் ஆனார்கள், கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வாயாடி அவரை நன்றாக முறைத்தாள். பிறகு முட்டியை நகர்த்தி, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

‘நீ. மூடு.’

அப்பா ரிமோட்டை எடுத்துப் பாட்டு வைத்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.